கிழக்கு வரிசை, பதினேழாம் குழி

அத்தியாயம் 7

“அக்கா, இந்த ஊர்ல செத்தவங்க எல்லாரும் ஒழுங்கா பேரு குடுத்துட்டுத்தான் போயிகீறாங்கோ. நம்மாளு மட்டும் டிக்கெட் எடுக்காத எறங்கிட்டாரு” என்றபடி ஜெய்புன்னிசாவின் உதவியாளன் சீனு அடக்கப் பதிவேட்டை மூடினான். தும்மினான்.

ஜெய்புன்னிசா சிரிக்கவில்லை. மூன்று நாளில் இது மூன்றாவது தேவாலயம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக இறங்கி வந்தால் குப்பத்துக்கு ஒரு மாதா கோயில் இருந்தது. எல்லாக் கோயிலிலும் ஒரு மர அலமாரி, அதற்குள் இறந்தவர்களின் பெயர்கள். தேடுகிற பெயர் மட்டும் எதிலும் இல்லை.

புன்னைக்குப்பத்து மாதா கோயில் பங்கு அலுவலகத்தில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. சாமியார் செய்யூர் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சித்குமார் இருபத்தாறு வயதுப் பையன். துப்பறிகிறவர்கள் என்று சொன்னதுமே அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

ஜெய்புன்னிசா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பூவரச மரத்தடி பெஞ்சில் உப்பிலி, குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் மாணவனைப் போல. அறுபத்தாறு வயது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

போன வாரம் செங்கல்பட்டில், செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் அவளுடைய அலுவலகத்துக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருடைய தாத்தா வரதன் சிங்கப்பெருமாள் கோயிலில் மடப்பள்ளிச் சமையல்காரர். மடப்பள்ளிக்குச் சவுக்கு விறகு கொண்டுவந்து போட்ட சின்னப்பொண்ணு என்ற பெண்ணோடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் ஊரைவிட்டே போய்விட்டார். மானம் போனதைத் தாங்க முடியாத குடும்பம், அவர் காசிக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார் என்று சொல்லி, ஒரு நாளையும் குறித்து, உயிரோடு இருந்த மனிதருக்கு வருஷா வருஷம் திதி கொடுக்க ஆரம்பித்தது. அப்பா போன வருஷம் கண்ணை மூடும்போதுதான் உப்பிலியின் காதில் சொன்னாராம்: ‘அவரைச் சமுத்திரக் கரையில ஒரு மாதா கோயில்ல புதைச்சிருக்கா.’

“அடுத்த வாரம் அந்தத் திதி வர்றதும்மா. எழுபத்தாறு வருஷமா கொடுத்துண்டு வர்ற பொய்த் திதி. என் கையால இன்னொரு தடவை கொடுக்க மாட்டேன். நிஜமான நாளும் இடமும் வேணும்” என்றார். அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேஜை விளிம்பையே பார்த்தார். வாடிக்கையாளர்கள் எதையோ மறைக்கும்போது எங்கே பார்ப்பார்கள் என்பது ஜெய்புன்னிசாவுக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கேட்கவில்லை. தானாக வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

“சின்னப்பொண்ணுங்கிற பேரு குப்பத்துக்குப் பத்து இருக்கு. வரதன் மதம் மாறினா பேரும் மாறியிருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டுல பழைய பேரு, புதுப் பேரு ரெண்டும் இருக்குமே தம்பி?” என்று கேட்டாள்.

ரஞ்சித்குமார் உதட்டைப் பிதுக்கினான். “அம்பத்தி மூணுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் கறையான் தின்னுட்டு போச்சு மேடம்.”

“அப்போ கறையானுக்கு மட்டும் ஞானஸ்நானம் ஆயிடுச்சு” என்றான் சீனு.

ஜெய்புன்னிசா எழுந்து அலமாரி முன்னால் நின்றாள். தடித்த பதிவேடுகளுக்குக் கீழே, கடைசித் தட்டில், பள்ளிக்கூட நோட்டுகளைப் போல மெலிந்த புத்தகங்கள் நூலால் கட்டிக் கிடந்தன.

“இது என்ன?”

“பூசை நோட்டு மேடம். யாருக்காகப் பூசை வெக்கணும், யாரு கேட்டாங்கன்னு எழுதுவோம். அதுல ஒண்ணும் இருக்காது.”

“பேரை மாத்திக்கிறவங்க பழைய பேரை அடியோட விட்டுட முடியாது தம்பி. எங்கயாவது ஒரு தரம் எழுதிப் பார்ப்பாங்க. கட்டை அவுரு.”

ஒரு மணி நேரம் கழித்து சீனுவின் விரல் ஒரு வரியில் நின்றது. இன்னொரு நோட்டில் இன்னொரு வரி. பிறகு மூன்றாவது. அதற்கப்புறம் இல்லை.

“அக்கா! ‘வரதன் ஆன்மா இளைப்பாற்றிக்காக. கேட்டவர்: அருளப்பன், பள்ளி விடுதிச் சமையல்.’ எழுபது அக்டோபர் பத்தொம்போது. எழுபத்தொண்ணு நவம்பர் ஏழு. எழுபத்திரெண்டு அக்டோபர் இருபத்தேழு.” அவன் தலையைச் சொறிந்தான். “யாரு இந்த அருளப்பன்? வருஷா வருஷம் தேதியை மாத்திகினு... மறதிக்காரனா?”

“மறதிக்காரன் பூசை கேக்க மாட்டான்.” ஜெய்புன்னிசா மூன்று தேதிகளையும் கையில் எழுதினாள். “எழுபத்தொண்ணுலேர்ந்து எழுபத்திரெண்டுக்கு எத்தினி நாள் முன்னால வந்துருக்கு?”

சீனு விரல் விட்டான். “பதினோரு நாள்.”

“எங்க பெருநாள் வருஷத்துக்கு எத்தினி நாள் முன்னால வரும்?”

“பிரியாணிக்கா நான் எண்ணாம இருப்பேன்? பத்து, பதினோரு...” அவன் வாய் திறந்தபடி நின்றது. “பிறைக் கணக்கு!”

“உங்கம்மா உன் போன்ல ஒரு பஞ்சாங்கம் ஏத்திக் குடுத்தாங்களே, அதை எடு.”

அவன் தட்டினான். மறுபடி தட்டினான். மூன்றாவது தடவை தட்டிவிட்டு போனை அவளிடம் நீட்டினான். மூன்று தேதியும் ஐப்பசி மாதத் தேய்பிறை பஞ்சமி. உப்பிலியின் வீட்டில் வரதனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பொய்த் திதி.

“கிறிஸ்தவ சமையக்காரரு ஒருத்தரு பஞ்சாங்கம் பார்த்துப் பூசை கேக்கிறாரு. அதுவும் ஒரு குடும்பம் வாயால சொன்ன பொய் நாளுக்கு” என்றாள் ஜெய்புன்னிசா மெதுவாக. “அருளப்பன்தான் வரதன்.”

“தனக்குத் தானே திதி குடுத்துகினாரா?” சீனுவின் குரல் இறங்கிப்போனது. “இன்னாக்கா இது... வூட்ல நீ செத்துட்டேன்னு சொன்னா, சரின்னு ஒத்துக்குவாங்களா?”

“அதைவிட இன்னொண்ணு யோசி. நாப்பத்தொம்போதுல போனவரு. எழுபது வரைக்கும் ஒரு பூசையும் கேக்கலை. அந்த வருஷம்தான் அவருக்கு இந்த நாள் தெரிஞ்சிருக்கு. சொன்னது யாரு?”

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் பார்த்தாள். உப்பிலி அதே நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்திருந்தார்.

அடக்கப் பதிவேட்டில் இப்போது அருளப்பனைத் தேடினார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ‘அருளப்பன். சமையல். வயது 71. சின்னப்பொண்ணுவின் கணவர். பிள்ளைகள் இல்லை. 1973 பிப்ரவரி 3. கிழக்கு வரிசை, 17.’

“ஜெயிச்சுட்டோம்!” சீனு மேஜையைத் தட்டினான். “நாளும் கீது, இடமும் கீது. வாத்தியாரைக் கூப்பிடட்டா?”

ரஞ்சித்குமார் எழுந்து நின்றான். அவன் முகத்தில் வேடிக்கை போயிருந்தது.

“மேடம்... கிழக்கு வரிசை இப்போ இல்லீங்க.”

* * *

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால், சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்தது. தூறல் போடத் தொடங்கியிருந்தது. உப்பிலியை மரத்தடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் நடந்தார்கள்.

வாசலை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு. அதிலிருந்து வெளியே வந்த ஞானம்மாள், கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கி, குழி வெட்ட ஆள் கூப்பிட்டுக் காவல் காப்பவள். வயது அறுபதுக்கு மேல். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள், கையில் களைக்கொத்து.

“கெழக்கு வரிசையா?” என்றாள். களைக்கொத்தால் காட்டினாள்.

கிழக்கே பத்தடி உயர மதில் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீரில் யாரோ குதிக்கும் சத்தமும், குழந்தைகளின் கூச்சலும், மெல்லிய பாட்டும் கேட்டன. சொகுசு விடுதியின் நீச்சல் குளம்.

“ரெண்டாயிரத்தி மூணுல குடுத்துட்டாங்கோ. அப்போ ஒரு கமிட்டி இருந்துச்சு, ஒரு புரோக்கரு இருந்தான். கெழக்கால கீற நாப்பத்தோரு கல்லுக்கும் ஆளே இல்ல, வாரிசே இல்லன்னு ஒரு காயிதம் வந்துச்சு. ஆளு இல்லாத குழிய இன்னாத்துக்கு வெச்சுகினுன்னு மிஷினை வுட்டுட்டாங்கோ.”

“எலும்பெல்லாம்?” என்றாள் ஜெய்புன்னிசா.

“எங்க வூட்டுக்காரரு மூணு நாளு மிஷினுக்குப் பின்னாலயே போயி, வந்ததெல்லாம் கூடையில பொறுக்கியாந்தாரு. தோ, மேக்கால சுவத்தாண்ட ஒரே குழியா போட்டு மூடினோம். யாரு எவுருன்னு பிரிக்க முடியல. சாமியாரு வந்து தண்ணி தெளிச்சாரு. அவ்ளோதான்.”

ஜெய்புன்னிசா மதிலையே பார்த்தாள். இத்தனை வருஷத் தொழிலில் ஏமாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள், மோசடிப் பத்திரங்களைப் பார்த்திருக்கிறாள். இறந்தவர்களின் மேல் செய்த மோசடி இதுதான் முதல்.

“நாப்பத்தோரு பேருக்கும் ஒருத்தருக்குக்கூடவா ஆள் இருக்காது? எவன் அந்தக் காகிதத்தை எழுதினான்?” குரல் உயர்ந்துவிட்டது. “அவனை விடக் கூடாது சீனு. இந்தக் கேஸு முடிஞ்சதும் அவனைத்தான் தேடறோம்.”

“தேடிப் புடிச்சு இதே குழியில எறக்கிடலாம்” என்றான் சீனு.

ஞானம்மாள் குனிந்து களையைக் கொத்தத் தொடங்கினாள்.

* * *

ரஞ்சித்குமார் கோப்பைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தான். கமிட்டித் தீர்மானம், வரைபடம், அதன் அடியில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள்.

சீனு முதல் தாளை எடுத்தான். மேடையில் வாசிப்பவனைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“‘மேற்படி கல்லறைகளில் காணும் நாற்பத்தொரு பெயர்களைக் குறித்து, நேரில் சென்று, அக்கம்பக்கத்தில் தீர விசாரித்ததில், வாரிசுகள் எவரும் இல்லை என உறுதியாகத் தெரிய வருகிறது.’ அடேங்கப்பா! கீழ பட்டியல் வேற. கல்லுல இருந்த பேரு, ஊரு எல்லாம் எழுதிகீறாரு. பதினாறு ஊரு அக்கா! வேலையைக் குடுத்த தேதி ஆகஸ்ட் பன்னெண்டு, அறிக்கை தேதி ஆகஸ்ட் பதிமூணு. ஒரே நாள்ல பதினாறு ஊரு. ஹெலிகாப்டர் வெச்சிருந்தாரா இந்த மேதாவி?”

ரஞ்சித்குமார் சிரித்தான். ஜெய்புன்னிசா சிரிக்கவில்லை. ‘நேரில் சென்று’ என்ற சொல் வந்தபோதே அவளுடைய கை மேஜையின் மேல் அசையாமல் நின்றுவிட்டது.

“‘அக்கம்பக்கத்தில் தீர விசாரித்ததில்’...” சீனு அந்த வரியையே மறுபடி படித்தான். அவன் நெற்றி சுருங்கியது. “அக்கா, இது நம்ம வாசகம் ஆச்சே? நீ சொல்லச் சொல்ல நான் தினம் இதைத்தானே டைப் அடிக்கிறேன்? எவனோ நம்மளைப் பார்த்துக் காப்பி...”

இரண்டாவது தாளைத் திருப்பினான். கீழே கையெழுத்து இருந்தது.

சீனு தாளைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான்.

முப்பது வயதில் அவள் தொழில் தொடங்கிய வருஷம் அது. யாரோ ஒரு புரோக்கர் வந்தார். ஏதோ ஒரு நிலம், ஒரு பட்டியல், வாரிசு இருக்கிறார்களா என்று ஒரு சின்ன அறிக்கை. மறுநாள் காலையில் கிளம்பித்தான் போனாள். அடைமழை. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் பழைய பெயர்கள். செத்து எத்தனையோ வருஷம் ஆனவர்கள். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? மடியில் வைத்தே எழுதி முடித்தாள். வரவேண்டிய வண்டி வந்தபோது ஏறாமல், தட்டச்சு நிலையத்துக்கு நடந்துபோனாள். ‘நேரில் சென்று’ என்ற வார்த்தை நன்றாக அமைந்துவிட்டது என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டாள். அதையே இருபத்திரண்டு வருஷம் எல்லா அறிக்கையிலும் எழுதினாள். மற்ற அறிக்கைகளில் அது உண்மை. அதனாலேயே முதல் பொய் மறந்துபோயிருந்தது.

இன்று காலை இந்த ஊருக்குள் நுழைந்தபோது அவளுக்கு எதுவும் ஞாபகம் வராததில் ஆச்சரியம் இல்லை. அவள் இங்கே வந்ததே இல்லை.

தாளை எடுத்தாள். பட்டியலில் பதினேழாவது வரி. ‘அருளப்பன். கல்லில் உள்ள ஊர்: சிங்கப்பெருமாள் கோயில்.’

அவளுடைய அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

“தம்பி, கொஞ்சம் வெளியே இருக்கிறியா” என்று ரஞ்சித்குமாரை அனுப்பிவிட்டு, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். காது மடல்கள் சுட்டன. எவன் எழுதினான் என்று கத்தினாளே, அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது.

சீனு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டான். “அக்கா, ஒண்ணு சொல்லட்டா. மேக்கால பேரு இல்லாத மண்மேடு நாலஞ்சு கீது. ஒண்ணைக் காட்டிடலாம். வாத்தியாருக்கு மனசு ஆறிடும். நாள் நிஜம்தானே? இடம் மட்டும் ஒரு முப்பது அடி தள்ளி. யாருக்கு நஷ்டம்?”

அவள் கைகளை விலக்கினாள். ஒரு நொடி, அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

“இதையேதான்டா அன்னிக்கும் நெனச்சேன்” என்றாள். “யாருக்கு நஷ்டம்னு.”

கோப்பை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

* * *

உப்பிலி எழுந்து நின்றார். “கிடைச்சுதாம்மா?”

“உக்காருங்க சார். மொதல்ல ஒண்ணு கேக்கணும். உங்க வீட்ல குடுக்கிற திதி எந்த நாள்னு எழுபதாம் வருஷம் வெளியாளு யாருக்குத் தெரியும்?”

அவர் உட்காரவில்லை. குடையின் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். தூறல் அவருடைய கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. துடைக்கவில்லை.

“ஆறாங்கிளாஸ் படிச்சுண்டிருந்தேன்” என்றார். “ஸ்கூல் வாசல்ல ஒரு பெரியவர் நின்னார். கழுத்துல சிலுவை. கையில வாழையிலைப் பொட்டலம். ‘நீ உப்பிலிதானே’ன்னார். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடுத்தும்மா. அப்பாவோட மூக்கு, அப்பாவோட காது. கூட நாலு பசங்க நிக்கறா. சிலுவை போட்டவர் என் தாத்தான்னு அவாளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயம். ‘ஆத்துல தாத்தா எப்படி இருக்கார்?’னு சிரிச்சுண்டே கேட்டார். ‘எங்க தாத்தா செத்துப்போயிட்டார்’னேன்.”

சீனு தலையைக் குனிந்துகொண்டான்.

“‘எப்போ?’ன்னு கேட்டார். ‘ஐப்பசி தேய்பிறை பஞ்சமி’ன்னேன். வாத்தியார் கேட்டா ஒப்பிக்கிற மாதிரி. பொட்டலத்தை ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்திண்டார். ‘சரி. நல்ல நாள்தான்’னார். பொட்டலத்தை என் கையில வெச்சுட்டுப் போயிட்டார். புளியோதரை. மடப்பள்ளி வாசனை. நான் அதைக் கொண்டுபோய்க் குளத்துல போட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என் ஆத்துக்காரிகிட்டகூட.”

ஜெய்புன்னிசா பூசை நோட்டின் மூன்று வரிகளையும் படித்துக் காட்டினாள். அவருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. கணக்கு வாத்தியார். பெஞ்சில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகைச் சத்தம் வரவில்லை.

அவர் அடங்கும் வரை அவள் நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“சார், உங்க தாத்தாவோட குழி இப்போ இல்லை. அந்த வரிசையையே எடுத்துட்டாங்க. வாரிசு இல்லைன்னு ஒருத்தர் பொய் அறிக்கை குடுத்ததால எடுத்துட்டாங்க. அதைக் குடுத்தது நான்.”

தாளை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினேழாவது வரியில் விரலை வைத்தார். அங்கேயே வைத்துக்கொண்டு பேசினார்.

“ரெண்டாயிரத்து மூணுல எங்கப்பா இருந்தார். கோயில் தெருவுல யாரைக் கேட்டாலும் ஆத்தைக் காட்டியிருப்பா. அப்பா கதவைத் திறந்திருக்க மாட்டார்தான். நான் திறந்திருப்பேன். நாப்பத்தி நாலு வயசு எனக்கு.”

“ஆமா சார்.”

“நான் பதினோரு வயசுல சொன்ன பொய்யைக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான். அவரும் நம்பலை, எனக்காக ஒத்துண்டார். உங்க பொய்யை எல்லாரும் நம்பியிருக்காம்மா.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

* * *

மேற்குச் சுவரோரம், சுண்ணாம்பு அடித்த கற்கள் சுற்றிவைத்த நீளமான மண்மேடு. பெயர் எதுவும் இல்லை. ஞானம்மாள் முன்னால் போய், விழுந்து கிடந்த சவுக்கு இலைகளைக் கையால் ஒதுக்கினாள். ஜெய்புன்னிசா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

உப்பிலி செருப்பைக் கழற்றிவிட்டு மண்மேட்டின் முன்னால் நின்றார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கைகூப்பினார். “தாத்தா, நான்தான் உப்பிலி” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார். “உள்ளே வாங்கோம்மா” என்றார். “இவர் தனியா இல்லை. இன்னும் நாப்பது பேர் கூட இருக்கா. சின்னப்பொண்ணும் இருப்பாள். எல்லார் பேரையும் படியுங்கோ. நீங்கதான் படிக்கணும்.”

அவள் உள்ளே வந்தாள். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் பெயரைப் படித்தாள். பெயர், ஊர். பெயர், ஊர். நெம்மேலி. செய்யூர். கடப்பாக்கம். எல்லாம் பஸ் போகிற ஊர்கள். ஒவ்வொரு ஊரும் அவள் இறங்காமல் விட்ட நிறுத்தம். சின்னப்பொண்ணுவின் பெயர் பதினாறாவதாக வந்தது. அடுத்த வரியில் அருளப்பன். உப்பிலியின் உதடுகள் அசைந்தன. சீனு தன் குடையை அவளுக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றான்.

“இருபத்தி மூணு. ஆரோக்கியமேரி. ஊர், புன்னைக்குப்பம்.”

“அது எங்கம்மா” என்றாள் ஞானம்மாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரில் குதித்தார்கள்.

“அப்போ நான் இங்கதான் இருந்தேன். அதே வூட்ல, இந்த கேட்டாண்ட. கமிட்டிக்காரங்ககிட்ட போயி, நான் கீறனே, பொண்ணு நான் கீறனேன்னு சொன்னேன். காயிதத்துல ஆளு இல்லன்னு போட்டுகீதும்மா, நீ கம்முன்னு போன்னுட்டாங்கோ.” அவள் ஜெய்புன்னிசாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “அந்தக் காயிதம்தானா அது?”

“ஆமாம்மா.”

“தண்ணி புடிக்க அந்தாண்ட வந்தேன், வாத்தியாராண்ட நீ சொன்னது காதுல வுழுந்துச்சு. நீயா எழுதின?”

“நான்தான்.”

ஞானம்மாள் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கோபம் வரும் என்று ஜெய்புன்னிசா காத்திருந்தாள். வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“வந்து கேட்டிருக்கலாமேம்மா” என்றாள் ஞானம்மாள். “ஒரு டீ வெச்சுக் குடுத்து சொல்லியிருப்பேனே.”

ஜெய்புன்னிசா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை முழங்காலில் வைத்து, இருபத்து மூன்றாவது வரியின் பக்கத்தில் எழுதினாள்: ‘வாரிசு உண்டு. மகள் ஞானம்மாள்.’ மேலே போய்ப் பதினாறுக்கும் பதினேழுக்கும் பக்கத்தில்: ‘வாரிசு உண்டு. பேரன் உப்பிலி.’ இன்னும் முப்பத்தெட்டு வரிகள் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தன.

உப்பிலி தன் குடையை விரித்து ஞானம்மாளுக்கு மேல் பிடித்தார்.

“இருபத்தி நாலு” என்றார்.

ஜெய்புன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.